மூன்று சாணுக்கு ஒரு விரல் கம்மி

கார் வாங்கப் போன அன்று எங்கள் பக்கம் இருந்தவர்கள் மூன்று பேர்: அப்பா, நான், என் அத்தை மகன். அம்மா இல்லை. கார் அவளுக்காகத்தான், ஆனாலும் அவள் வரவில்லை. அவளுக்குப் பதிலாக அவளுடைய சக்கர நாற்காலி வந்திருந்தது. நைனார்பாளையத்துப் பக்கமிருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் ஒரு லோடு ஆட்டோவில் அதை ஏற்றி, அப்பா பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொண்டே வந்தார். வழியில் பார்த்தவர்கள் பதறிப்போய் யாருக்கு என்ன ஆச்சு என்று விசாரித்தார்கள். "ஒண்ணும் இல்லப்பா, கார் வாங்கப் போறோம்" என்று அப்பா எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். கேட்டவர்களுக்கு அது விளங்கியிருக்காது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிராக்டரின் மேலிருந்து அம்மா விழுந்துவிட்டாள். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முப்பது வருடம் களை வெட்டிய, கிழங்கு பிடுங்கிய கைகள் அவை. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண் ஒருவர், வழவழப்பான பலகை ஒன்றைக் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் பாலம் மாதிரி போட்டு, கையை ஊன்றி நகர்ந்து போகச் சொல்லிக் கொடுத்தார். இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் போதும், யாருடைய உதவியும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா செய்த முதல் வேலை, நாற்காலியின் உயரத்தைச் சாணால் அளந்தது. "மூணு சாணுக்கு ஒரு விரல் கம்மி" என்றாள். கட்டில் கால்களுக்குக் கீழே செங்கல் வைக்கச் சொல்லி, அதையும் அளந்து, சரி என்றாள். அன்றிலிருந்து வீட்டுக்குள் அவளை யாரும் தூக்க வேண்டியிருக்கவில்லை.

வெளியே போவதுதான் சங்கடம். அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறவர். மனுஷியையும் அவருக்குத் தெரிந்த விதத்தில்தான் தூக்குவார். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் அப்படித் தோளில் சாய்த்துத் தூக்கிப் படியேறும்போது புடவை முழங்காலுக்கு மேலே விலகிவிட்டது. பின்னால் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தபிறகு அம்மா சொன்னாள்.

"நான் இன்னா மூட்டையா? இனிமே என்ன ஒருத்தரும் தூக்கக் கூடாது. தூக்காம ஏத்திக்கினு போற வண்டி இருந்தா சொல்லுங்க, வரேன். இல்லன்னா இந்த வூடே போதும் எனக்கு."

அதன்பிறகு பதினான்கு மாதம் அவள் வாசலைத் தாண்டவில்லை. ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் நான் போய், அவளுக்கு எப்படி இருக்கிறது என்று நானே சொல்லி, மருந்து வாங்கி வந்தேன். நோயாளியைக் கூட்டி வா என்று ஒவ்வொரு முறையும் திட்டினார்கள்.

நான் கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவனே நான்தான். வாரம் முழுக்க மலையில் ஓர் அறையில் இருப்பேன், சனிக்கிழமை பைக்கில் இறங்கி வருவேன். "நீ பாடம் நடத்தற எடத்த ஒருவாட்டி கண்ணால பாக்கணும்டா" என்று விழுவதற்கு முன்னால் அம்மா சொல்லிக்கொண்டேயிருப்பாள். விழுந்த பிறகு ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அதை அவள் கேட்காமல் விட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. கார் வாங்குவது என்று முடிவு செய்தேன். டிரைவிங் கற்று லைசென்ஸும் எடுத்துவிட்டேன்.

கையில் மூன்று லட்சத்துச் சொச்சம்தான் புரட்ட முடிந்தது. அதற்குள் பழைய வண்டிதான் வரும். நாற்காலியை மடக்கிப் போட டிக்கி வைத்த வண்டியாக இருக்க வேண்டும். மலை ஏறும்போது நடுவழியில் நின்றுவிடக் கூடாது. நின்றால் அம்மாவை யாராவது தூக்கித்தான் ஆக வேண்டும், அதோடு கதை முடிந்துவிடும். செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து, பழைய கார் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் என்று முப்பத்திரண்டை ஒரு நோட்டில் எழுதிவைத்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நாற்காலி இல்லாமல்தான் போனோம். அம்மா அளவைச் சொல்லி அனுப்பினாள். "சீட்டு ஒசரம் மூணு சாணுக்கு ஒரு விரல் கம்மியா இருக்கணும். ஒரு விரல் முன்னப்பின்ன இருந்தா சமாளிச்சிக்கறேன்."

சேலம் ரோட்டில் பழைய கார் விற்கிற இடம். தகரக் கூரைக்குக் கீழே பதினைந்து இருபது வண்டிகள் கழுவித் துடைத்து நின்றன. அத்தை மகன் சங்கராபுரம் ரோட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். என்னைவிட எட்டு வயது பெரியவன், எட்டாவதோடு நின்றவன். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "வாத்தியாரே, வண்டி பரீட்ச எழுதாது. நோட்ட உள்ள வையி" என்றான்.

கடைக்காரர் முதலில் காட்டிய கார் பளபளவென்று இருந்தது. டிக்கியைத் திறந்தால் பாதிக்கு மேல் கேஸ் சிலிண்டர் உட்கார்ந்திருந்தது. "நாற்காலிய தலையில வச்சிக்கினு போலாமா?" என்று அப்பா கேட்டார். அதைவிட்டு நகர்ந்தோம்.

இரண்டாவது வெள்ளைக் கார். "டாக்டர் வண்டி சார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் போயிருக்கு."

"இங்க நிக்கிறதெல்லாம் டாக்டர் வண்டின்னா, நம்ம ஊர்ல நோயாளிங்க எல்லாம் நடந்தே போனாங்களாண்ணே?" என்றான் அத்தை மகன்.

மீட்டரில் நாற்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர் காட்டியது. நான் கதவைத் திறந்து ஓரத்தைப் பார்த்தேன். ஆயில் மாற்றியபோது ஒட்டிய சின்ன ஸ்டிக்கர் ஒன்று பாதி கிழிந்து இருந்தது. அடுத்த ஆயில் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தில் என்று பேனாவில் எழுதியிருந்தார்கள். சத்தமாகப் படித்தேன்.

"அது வேற வண்டி ஸ்டிக்கரா இருக்கும் சார்."

"ஆமாமா, ராத்திரில நடந்து வந்து இங்க ஒட்டிக்கிச்சி" என்றான் அத்தை மகன். அப்பா என் முதுகில் லேசாகத் தட்டினார். முப்பத்திரண்டு கேள்வியில் ஒன்று பலித்தது எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாவது கார் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் நின்றது. கத்தரிக்காய் நிறம். கொஞ்சம் வளர்த்தியான வண்டி, முதுகில் கூன் விழுந்தமாதிரி ஒரு டிக்கி. கடைக்காரரே அதைக் காட்டத் தயங்கினார். "வண்டி தங்கம் சார். கலருதான் யாருக்கும் புடிக்க மாட்டேங்குது."

ஒரே ஓனர். ரிட்டயர் ஆனவர், சர்வீஸ் பில்லை எல்லாம் தேதிவாரியாக ஃபைல் போட்டு வைத்திருந்தார். நான் ஒவ்வொரு பில்லாகப் படித்தேன். அத்தை மகன் ஒன்றும் படிக்கவில்லை. முதலில் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தான். "சூடு இல்ல. முன்னாடியே ஓட்டி சூடாக்கி வைக்கல. நல்லது." சாவி போட்டதும் ஒரே திருப்பில் பிடித்தது. ஆயில் மூடியைத் திறந்து புகை வருகிறதா என்று பார்த்தான். பாக்கெட்டிலிருந்து ஒரு காந்தத் துண்டை எடுத்துக் கதவு, மட்கார்டு என்று வரிசையாக ஒட்டிக்கொண்டே போனான். இடது முன்பக்கத்தில் மட்டும் காந்தம் நழுவி விழுந்தது.

"இங்க தகரத்துமேல பட்டி பூசி பெயிண்ட் அடிச்சிருக்கு."

"கேட்டுல இடிச்சிக்கிட்டாராம். மறைக்கல, கேட்டா சொல்லலாம்னு இருந்தேன்."

"மத்தபடி நல்ல வண்டி மாமா" என்று அப்பாவிடம் சொன்னான். அப்பா என்னைப் பார்த்தார். நான் குனிந்து, முன் சீட்டை உயர்த்துகிற கைப்பிடியை முழுக்க மேலே இழுத்துவிட்டு, தரையிலிருந்து சாண் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்றாவது சாண் முடியவில்லை. மறுபடி அளந்தேன். அம்மா சொன்னதைவிட ஆறு விரல் கம்மி.

"பாத்தா சரியாத்தான தெரியுது வாத்தியாரே?" என்றான் அத்தை மகன்.

"கண்ணுக்குத் தெரியறது வேற. அளவுன்னா அளவுதான்" என்றேன். வகுப்பில் சொல்கிற அதே குரல்.

அங்கே நின்ற எல்லாக் காரையும் அளந்தேன். எல்லாமே கம்மி, சிலது ஒன்பது விரல்கூடக் கம்மி. கடைக்காரர் ரொம்ப நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அவ்ளோ ஒசரம் வேணும்னா ஜீப்புதான் சார் பாக்கணும். ஆறர லட்சம் ஆவும்" என்றார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நானாகச் சொன்னேன்.

"வண்டி கெடச்சிதும்மா. ஆனா சீட்டு கம்மி. உன்னால முடியாது."

"எத்தினி கம்மி?"

"ஆறு விரல்."

"கார்ல ஆறு விரலா? அவ்ளோ பள்ளமாவா செய்வான்? யார் அளந்தது?"

"நான்தான். ரெண்டு வாட்டி அளந்தேன்."

"எதுல?"

"நீ சொன்னபடி சாண்ல."

அம்மா பூண்டை ஓரமாக வைத்துவிட்டு, "கையக் கொண்டா" என்றாள். என் உள்ளங்கையை விரித்து, தன் உள்ளங்கையை அதன்மேல் ஒட்டி வைத்தாள். அவள் கை சின்னது. போதாததற்கு, எப்போதோ அறுப்பில் வெட்டுப்பட்ட சுண்டுவிரல் முழுதாக நீளாது. அவள் சாணுக்கும் என் சாணுக்கும் நடுவில் சரியாக இரண்டு விரல் இருந்தது.

"ஒரு சாணுக்கு ரெண்டு விரலு. மூணு சாணுக்கு?" என்று கேட்டாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், கணக்கு வாத்தியாரிடம் கேட்டாள்.

ஆறு என்றேன். ஆறாம் வகுப்புக்கு வருடாவருடம் நானே நடத்துகிற பாடம் இது. பிள்ளைகளை ஒரே மேசையைச் சாணால் அளக்கச் சொல்வேன். ஆளுக்கொரு விடை வரும். பார்த்தீர்களா, சாண் ஆளுக்கு ஆள் மாறும், அதனால்தான் மீட்டர் வந்தது என்று கரும்பலகையில் எழுதிப்போடுவேன். மனுஷ உடம்பு எண்சாண் என்கிறார்களே, யாருடைய சாண் சார் என்று ஒரு பெண் கேட்டதற்குச் சபாஷ் என்றுகூடச் சொன்னேன். என் நோட்டில் முப்பத்திரண்டு கேள்வி இருந்தது. டேப் எடுத்துப் போக வேண்டும் என்று முப்பத்து மூன்றாவதாக எழுதத் தோன்றவில்லை.

"இவனப் படிக்க வக்க நான் எத்தினி மூட்ட தூக்கியிருப்பேன்" என்றார் அப்பா. சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவரால் நிறுத்த முடியவில்லை. அம்மாவும் சிரித்தாள். பதினான்கு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

உடனே கடைக்காரருக்குப் போன் போட்டேன். "அடடா, நீங்க போனப்புறம் ஒரு பார்ட்டி வந்து அந்தக் கத்தரிக்காய ஓட்டிப் பாத்தாங்க சார். வெள்ளிக்கிழம வரைக்கும் டைம் கேட்டிருக்காங்க. நான் வாக்கு குடுத்துட்டேன்" என்றார்.

அந்த வாரம் மலையில் எப்படிப் பாடம் நடத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. எங்கள் பள்ளியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பாறை மேல் நின்றால்தான் சிக்னல் வரும். இடைவேளைக்கு இடைவேளை அங்கே போய் நின்றேன். வெள்ளிக்கிழமை மதியம் அவரே கூப்பிட்டார். "அவங்க வேணாம்னுட்டாங்க சார். வீட்டம்மாவுக்குக் கலரு புடிக்கலியாம்." முகம் தெரியாத அந்த வீட்டம்மாவை இன்றைக்கும் நான் வாழ்த்திக்கொண்டிருக்கிறேன்.

அதனால்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை லோடு ஆட்டோவில் நாற்காலியும் பலகையும் வந்தன. இந்த முறை டேப்பும் இருந்தது. காரின் இடது முன்கதவைத் திறந்து, நாற்காலியை ஒட்டி நிறுத்தி அளந்தேன். சீட்டுக்கும் நாற்காலிக்கும் ஒரு விரல்கூட வித்தியாசம் இல்லை. "சரியா இருக்குப்பா" என்றேன்.

அப்பா நம்பவில்லை. "நீ போன வாரமும் அளந்த" என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அத்தை மகன் திடுக்கிட்டு, "மாமா, எழுந்திரு" என்றான். எங்கள் தெருவில் அந்த நாற்காலியில் யாரும் உட்கார மாட்டார்கள். உட்கார்ந்தால் அது நமக்கும் வந்துவிடும் என்பார்கள். விளையாட்டுக்கு உட்காரும் பிள்ளைகளை அம்மாவே விரட்டுவாள். அப்பா இரண்டு வருடமாக அதைத் துடைத்து, காற்றடித்து, எண்ணெய் போட்டவர், ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

"வந்தா வரட்டும். பலகையப் போடு" என்றார்.

பலகையைப் போட்டேன். அப்பா கால்களைச் செத்த கால் மாதிரி தொங்கவிட்டு, கையை ஊன்றி நகர்ந்தார். முதல் தடவை பாதியில் சறுக்கி நின்றார். நான் காலைப் பிடிக்கப் போனேன். "தொடாத. அவ தொட விடமாட்டா" என்றார். இரண்டாவது தடவை தலை கூரையில் இடித்தது. அவர் உயரம், அம்மா குள்ளம், அதனால் அது கணக்கில்லை. மூன்றாவது தடவை உள்ளே போய்விட்டார். தன் கால்களைத் தானே ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து உள்ளே வைத்தார், அம்மா கட்டிலில் செய்வதைப் போலவே. அவர் அதையெல்லாம் இவ்வளவு கவனித்திருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். திரும்ப வெளியே வரும்போதும் காலை ஊன்றவில்லை. நெற்றியில் வியர்வை வழிந்தது.

பக்கத்துக் கடையிலிருந்து டீ கொண்டுவந்த பெண்மணி ஒருவர் தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயோ பாவம், ரெண்டு காலுமேவா போச்சி?" என்று கடைக்காரரிடம் கேட்டார்.

அப்பா எழுந்து நடந்து போய் டீயை எடுத்துக்கொண்டார்.

"அட சாமி!" என்று அந்தப் பெண்மணி அலறியதில் இரண்டு டீ கீழே போனது. கடைக்காரர் சிரித்த சிரிப்பில் பேரம் எங்களுக்குச் சுலபமாயிற்று. மூன்று லட்சத்துப் பத்தில் ஆரம்பித்தவர், கலரைச் சொல்லி அத்தை மகன் குறைக்கக் குறைக்க இறங்கிவந்தார். "கத்தரிக்கா வெலைக்கே கேக்கறியேப்பா" என்றார்.

முடிவு செய்யுமுன் கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணைவரைக்கும் போய், அதற்கு மேல் மலை ரோட்டில் மூன்று வளைவு ஏற்றிப் பார்த்தோம். அத்தை மகன் ஓட்டினான். ஏற்றத்தின் நடுவில் வேண்டுமென்றே நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்தான். மறுபடி ஸ்டார்ட் செய்தான். வண்டி ஓர் அடிகூடப் பின்னால் போகாமல் மேலே ஏறியது. நான் சூடு காட்டுகிற முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் அது போகவேயில்லை. "டயர் ரெண்டு மாத்தணும், பேட்டரி போட்டுடு. அப்புறம் நாலஞ்சு வருஷத்துக்கு நீ என் ஷெட்டுப் பக்கம் சும்மா வந்துட்டுப் போனாப் போதும்" என்றான்.

டயரும் பேட்டரியும் போட்டு, பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்து, மூன்று வாரம் ஓட்டிப் பழகினேன். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் வண்டியை வாசலில் நிறுத்தினேன். தெருவில் வேலை இருந்தவர்கள் இல்லாதவர்கள் எல்லோரும் நின்றார்கள். அம்மா நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து காரைச் சுற்றிப் பார்த்தாள். "நல்ல கலராத்தான இருக்குது. இத போயி வேணாம்னாளா ஒருத்தி?" என்றாள்.

காருக்கென்று புதிதாகச் செய்த பலகையை அவளே வாங்கி, அவளே போட்டாள். கைகளை ஊன்றினாள். அப்பா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, விரல்களை இறுக்கிக்கொண்டு நின்றார். ஒரு தள்ளு, இன்னொரு தள்ளு. அம்மா சீட்டில் இருந்தாள். கால்களை எடுத்து உள்ளே வைத்து, புடவையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டு, கதவைத் தானே சாத்திக்கொண்டாள். பிறகு கண்ணாடியை இறக்கி, "இன்னா எல்லாம் பாத்துக்கினு நிக்கிறீங்க? வேல இல்லியா?" என்று தெருவைக் கேட்டாள்.

மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் நான் சூடு காட்டுகிற முள்ளைப் பார்த்துக்கொண்டேன். அம்மா முழு நேரமும் வெளியே பார்த்துக்கொண்டு, மரவள்ளிக் கொல்லையைக் கண்ட இடத்திலெல்லாம் விளைச்சலைப் பற்றி அபிப்பிராயம் சொல்லிக்கொண்டே வந்தாள். வண்டி எங்கும் நிற்கவில்லை.

பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. கேட்டுக்கு வெளியே மர நிழலில் நிறுத்தினேன். அம்மா இறங்க அவசரப்படவில்லை. கம்பி வழியாக வகுப்பறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எது உன்னுது என்றாள், காட்டினேன். சாண் பாடம் அங்கதான் நடத்தறியா என்றாள், ஆமாம் என்றேன். அப்பா பின்சீட்டில் இருமினார், சிரிப்பை அடக்கத்தான்.

"சரி, பலகைய எடு, எறங்கலாம்" என்றவள், கதவில் கை வைத்துக்கொண்டு திரும்பினாள். "ஆமா, எல்லாம் சேத்து எத்தினி ஆச்சின்னு இன்னும் நீ சொல்லவே இல்லியே."

வண்டி, பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், டயர், பேட்டரி, கடைசியாகத் தச்சருக்குக் கொடுத்த பலகைக் கூலி வரைக்கும் கூட்டிச் சொன்னேன். மூன்று லட்சத்து ஆறாயிரத்து ஐம்பது ரூபாய். "யார் கூட்டினது?" என்று கேட்டுக்கொண்டே அம்மா கதவைத் திறந்தாள்.